கிணற்றின் அடி

இதை எழுதலாமா விடலாமா என்று எத்தனையோ வருடம் யோசித்தேன். கொப்பியைத் திறப்பேன், மேலே பிள்ளையார் சுழி போடுவேன், அத்தோடு மூடி வைத்துவிடுவேன். பிள்ளையார் சுழி மட்டும் போட்ட கொப்பிகள் என்னிடம் மூன்று இருக்கின்றன. நான் எழுத்தாளன் இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதோடு, தமிழ் எழுதப் போய்த்தான் இந்தப் பாவம் என் தலையில் ஏறியது, திரும்பவும் எழுதப் போவதா என்ற பயமும் இருந்தது. ஆனால் போன வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுச் சாமியறையில் நடந்ததற்குப் பிறகு, இனியும் பேசாமல் இருக்க ஏலாது என்று பட்டது. சினேகிதர் ஒருவர் பக்கத்துக் கதிரையில் இருந்து கேட்பதாக நினைத்துக்கொண்டு சொல்கிறேன். நடுவில் அங்கே இங்கே போனாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை விடியக் காலமை என் மனைவி இராசம் சாமிப் படங்களை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் முற்றத்தில் செவ்வரத்தம்பூப் பறித்துக்கொண்டு நின்றேன். உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"இஞ்சாருங்கோ! ஓடி வாங்கோ! தீர்த்தம் மண்ணெண்ணெய் மணக்குது!"

போய்ப் பார்த்தால், முருகன் படத்துக்குப் பின்னால் இருந்த, ஒரு காலத்தில் நெல்லி கிறஷ் பழரசம் வந்த போத்தலை மூடி திறந்து கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அறை முழுக்க மணம். சாம்பிராணியையும் மீறிய மணம்.

அந்தப் போத்தலை அங்கே வைத்தவன் நான்தான். வைத்துப் பல வருடம். நாங்கள் வீடு மாறி, சுவர் மாறி, படங்களுக்குப் புதுக் கண்ணாடி போட்டும், போத்தல் மட்டும் முருகனுக்குப் பின்னாலேயே இருந்தது. இராசம் அதை ஏதோ கோயில் தீர்த்தம் என்று நினைத்திருக்கிறாள். கேட்கவும் இல்லை. நான் கும்பிடப் போகிற இடங்களில் இருந்து இப்படி ஏதாவது கொண்டுவருகிறவன்தானே. வெள்ளிக்கு வெள்ளி அதற்கும் ஒரு பூ வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். அன்றைக்குப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு, இரண்டு துளி தெளித்துவிட்டு வருவோம் என்று திறந்திருக்கிறாள்.

"இது தீர்த்தம் இல்லை," என்றேன்.

"அப்ப என்ன?"

"தண்ணி."

"எங்கத்தைத் தண்ணி?"

அதற்குப் பதில் சொல்லி முடிக்க எனக்கு அன்றைய பகல் முழுவதும் எடுத்தது.

மண்ணெண்ணெய் மணம் எனக்குப் பிடிக்காத மணம் என்று நினைத்துவிடாதீர்கள். சின்ன வயதில் எங்கள் வீட்டில் குப்பி விளக்குத்தான். கொப்பியில் புகைக்கரி படியும், மூக்குத்துவாரம் கறுக்கும். காலையில் அந்த மணத்தோடேயே பள்ளிக்கூடம் போவோம். பாடம் படித்த மணம் என்று நாங்கள் பெருமைப்பட்ட காலம் அது. அதே மணம் குடிக்கிற தண்ணீரில் வந்தால் எப்படி இருக்கும் என்பதை நான் தெரிந்துகொண்டது வேறொரு இடத்தில்.

சண்டை முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு, ஓர்ஸ் ஹில்லில் இருந்த ஒரு அரசாங்கக் கந்தோரில் எனக்குத் தற்காலிக வேலை கிடைத்தது. மண்ணிலும் நிலத்தடித் தண்ணீரிலும் எண்ணெய் கலந்திருக்கிறதா என்று பார்ப்பதற்குச் சாம்பிள் எடுக்கிற வேலை. பெரிய வேலை என்று நினைக்காதீர்கள். பெரிய வேலையைச் செய்தவர் எங்கள் சிங்கள அதிகாரி பந்துல மாத்தயா. வாகனம் ஓட்டியவர் கிண்ணியாவைச் சேர்ந்த நஸார் நானா. நான் பெட்டி தூக்குவேன், கயிறு பிடிப்பேன், ஓகர் என்று சொல்கிற திருகுகம்பியை மண்ணுக்குள் திருகுவேன். சனத்தோடு தமிழில் கதைக்க வேண்டி வந்தால் முன்னுக்கு நிற்பேன்.

அந்த வேலையில் ஒரு ஆசாரம் இருந்தது. எனக்கு அது கோயில் ஆசாரம் போலவே தெரியும். சாம்பிள் எடுக்கிற நாளில் தலைக்கு எண்ணெய் வைக்கக்கூடாது. வாசச் சவர்க்காரம் போடக்கூடாது. வாகனத்துக்கு டீசலை முதல் நாளே அடித்து வைத்துவிட வேண்டும். எனக்கு வந்த சோதனை, கையால் விளக்கேற்றக்கூடாது, கற்பூரம் தொடக்கூடாது என்பது. "கையில எண்ணெய் இருந்தா போத்தல்ல எண்ணெய் வரும் தம்பி. பிறகு யார் எண்ணெய்? சாமி எண்ணெயா, குழாய் எண்ணெயா?" என்று பந்துல மாத்தயா கேட்பார். அந்த நாட்களில் இராசம் விளக்கேற்றுவாள். நான் தள்ளி நின்று கையைக் கட்டிக்கொண்டு கும்பிடுவேன். தீட்டுக்காரன் போல நிற்கிறேன் என்று அவளுக்குச் சிரிப்பு.

தண்ணீர் எடுப்பதிலும் அப்படித்தான். கபில நிறக் கண்ணாடிப் போத்தல். கிணற்று மேல்தண்ணீரை அலைக்காமல் எடுத்து, வாய் தளும்ப நிரப்பி மூட வேண்டும். மூடியபின் போத்தலைக் கவிழ்த்து விரலால் தட்டிப் பார்ப்போம். உள்ளே ஒரு காற்றுக் குமிழி ஓடினாலும் அது பிழை. ஊற்றிவிட்டுத் திரும்ப எடுக்க வேண்டும். மணம் காற்றுக்குள் ஏறிவிடுமாம். நிரப்பிய போத்தல்களை ஐஸ் போட்ட வெள்ளை ரெஜிபோம் பெட்டியில் அடுக்குவோம். ஐஸ் வாங்குவது மீன் சந்தையில். மீன் மணம் எண்ணெய்க் கணக்கில் வராது என்பதில் நஸார் நானாவுக்குப் பெரிய சந்தோசம்.

அவர்தான் எனக்குப் பண்டிதர் என்று பேர் வைத்தவர். என் எழுத்து வடிவாக இருக்கும். இதை நானே சொல்லக்கூடாதுதான். போத்தல் லேபல்களை எழுதுவது நான். வீட்டுக்காரர் பெயரைத் தமிழிலும் எழுதிவிடுவேன். "பண்டிதரே, போத்தல் கலியாணத்துக்குப் போற மாதிரி எழுதுறீங்க. உள்ள இரிக்கிறது ஊத்தைத் தண்ணி," என்பார் நஸார் நானா. எனக்கு உள்ளுக்குள்ளே குளிரும். எட்டாம் வகுப்போடு நின்றவனைப் பண்டிதர் என்றால், பகிடிக்குச் சொன்னாலும் பகிடியாகப் படாது.

உள்துறைமுகப் பக்கம் ஒரு ஒழுங்கை, ஒடுக்கமான தெரு. சனம் அதைக் குழாயடி ஒழுங்கை என்று சொல்லும். வெள்ளைக்காரன் கப்பல்களுக்கு எண்ணெய் அனுப்பப் புதைத்த இரும்புக் குழாய் ஒன்று அந்த ஒழுங்கை முகப்பில் நிலத்துக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நின்றது. அது இப்போது ஆருடையது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பக்கம் கை காட்டுவார்கள். அந்த ஒழுங்கையில் ஏழு வீடு, ஏழு கிணறு. தண்ணீரில் மணம் வருகிறது என்று சனம் மனு எழுதிக் கொடுத்ததில் எங்களை அனுப்பினார்கள். எந்தெந்தக் கிணறு பழுது என்று எங்கள் றிப்போட்டில் வருகிறதோ, அந்த வீடுகளுக்குப் பைப் தண்ணீர் இழுத்துக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். வராத வீடு தன் கிணற்றோடு இருக்க வேண்டியதுதான்.

முதல் நாள் இடம் பார்க்கப் போனபோதுதான் பூரணம் அக்காவைக் கண்டேன். ஒழுங்கையின் நாலாவது வீடு. புருசன் இல்லை, பிள்ளை இல்லை. இறங்குதுறையில் வேலை செய்கிற ஆக்களுக்கு மத்தியானச் சோற்றுப் பார்சல் கட்டிக் கொடுத்துச் சீவித்தார். வாட்டிய வாழையிலையில் சோறு, பருப்பு, ஒரு மீன், ஒரு சுண்டல். வாட்டின இலையின் மணம் இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பசிக்கும். எங்கள் மூன்று பேருக்கும் பார்சல் தந்தார். நான் பிரித்து ஒரு வாய் வைத்தேன். இலை மணத்துக்கு அடியில் இன்னொரு மணம். பந்துல மாத்தயாவும் நஸார் நானாவும் ஒன்றும் சொல்லாமல் மென்றார்கள்.

பூரணம் அக்கா எங்கள் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "சொல்ல மாட்டீங்கள் தம்பி. ஒருத்தரும் சொல்லுறேல்லை. அடுத்த நாள் வாறேல்லை, அவ்வளவுதான்."

"நல்லாத்தான் இருக்கு அக்கா."

"பொய் சொல்லாதேங்கோ. நான் சமைக்கிறனான், எனக்குத் தெரியாதே? மல்லி கூடப் போட்டுப் பாத்தனான், இலையை ரெண்டாப் போட்டுப் பாத்தனான். மணம் போகேல்லை. உந்தத் தண்ணி மணக்குது எண்டு ஒரு கடதாசி வந்தாக் காணும். பைப்பு வந்திடும். பேந்து என்ர சோத்தை ஆரும் வேண்டாம் எண்டு சொல்லமாட்டினம்."

வேறொன்றும் அவர் கேட்கவில்லை. இருக்கிற பழுதை இருக்கிறதென்று எழுதித் தரச் சொன்னார்.

சாம்பிள் எடுக்கிற நாளுக்கு முன்னால் ஏழு வீட்டுக்கும் கடிதம் கொடுக்க வேண்டியிருந்தது. கிணற்றைச் சுற்றி உடுப்புத் தோய்க்கக்கூடாது, சவர்க்கார நுரை கிடக்கக்கூடாது, மோட்டார்சைக்கிள் நிறுத்தக்கூடாது என்பதற்காக. பந்துல மாத்தயா தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "கிணறு பக்கம் கிளீன் இருக்கணும். அதை நல்ல தமிழ்ல எழுதுங்க தம்பி."

நல்ல தமிழில். அந்த ஒரு சொல்லில் நான் விழுந்தேன்.

கிணத்தடி என்றுதான் முதலில் கைக்கு வந்தது. கிணத்தடியைக் கூட்டித் துப்புரவாக வையுங்கோ என்று எழுதியிருந்தால் ஒழுங்கையில் நாலு வயதுப் பிள்ளைக்கும் விளங்கியிருக்கும். ஆனால் கிணத்தடி அடுப்படிக் குசினிக் கதையாயிற்றே, கந்தோர்க் கடிதத்தில் அதை எழுதலாமா என்று யோசித்தேன். கிணற்றடி என்று எழுதினால் அதுவே நல்ல தமிழ் என்பதை எனக்குச் சொல்ல அங்கே ஆளில்லை. எட்டாம் வகுப்பில் படித்த பிரித்தெழுதுகதான் ஞாபகத்தில் நின்றது. சொல்லைப் பிரித்தால் மரியாதை என்று நினைத்தேன். பிரித்தேன். "தாங்கள் அன்றைய தினத்துக்கு முன்னதாகக் கிணற்றின் அடியை நன்கு துப்புரவு செய்து வைக்குமாறு தயவாய்க் கேட்டுக்கொள்கின்றோம்." எழுதிவிட்டு இரண்டு முறை வாசித்து ரசித்தேன். பந்துல மாத்தயா தமிழ் வாசிக்கத் தெரியாமல் கையெழுத்து வைத்தார். கந்தோர் முத்திரை விழுந்தது. முத்திரை விழுந்தபிறகு அது என் தமிழ் இல்லை, அரசாங்கக் கட்டளை.

ஏழு வீட்டுக்கும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மற்ற ஆறு வீட்டாரும் கடிதத்தை வாங்கிக் கூரை இடுக்கில் செருகிவிட்டு, "என்ன தம்பி எழுதியிருக்கு?" என்று வாயால் கேட்டார்கள். கிணத்தடியில் உடுப்புத் தோய்க்க வேண்டாம் என்று வாயால் சொன்னேன், முடிந்தது. பூரணம் அக்கா கேட்கவில்லை. ஈரக் கையைச் சேலையில் துடைத்து, கடிதத்தை இரண்டு கையாலும் வாங்கி, "நான் வாசிப்பன் தம்பி, நாலாம் வகுப்பு மட்டும் படிச்சனான்," என்றார். எனக்கு அவர்மேல் பெரிய மதிப்பு வந்தது. என் எழுத்தை வாசிக்க ஓர் ஆள்.

சாம்பிள் எடுக்கிற அன்று ஒழுங்கை முகப்பில் இருந்து தொடங்கினோம். ஓகரைத் திருகத் திருக முதலில் சாம்பல் மணல் வந்தது, பிறகு சிப்பித் துண்டு, பிறகு கறுப்பு. கறுப்பு வந்தவுடன் மணமும் வந்தது. பந்துல மாத்தயா அதை வெள்ளித் தாளில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மண்ணு நல்லம் தம்பி. மண்ணு ஓடாது. தண்ணிதான் இண்டைக்கு ஒரு கதை, நாளைக்கு ஒரு கதை சொல்லும்." மூன்று வீட்டுக் கிணறுகளிலும் தண்ணீரின் மேல் மயில்கழுத்து நிறம் மிதந்தது.

நாலாவது வீட்டுக்குப் போனோம். பூரணம் அக்கா முழுகி, திருநீறு பூசி, கோயிலுக்குப் போகிறவர் போல வாசலில் நின்றார்.

"வாங்கோ தம்பி, வாங்கோ. நீங்கள் எழுதினபடியே செய்து வைச்சிருக்கிறன்."

கிணற்றை எட்டிப் பார்த்தேன். உட்சுவர் வெள்ளைவெளேரென்று தேய்த்துக் கழுவியிருந்தது. தண்ணீர் ஒரு முழம்கூட இல்லை. அந்த ஒரு முழமும் கண்ணாடி. அடியில் கிடக்கிற கூழாங்கல்லை எண்ணலாம்.

"முந்தநாள் முழுக்க இறைச்சது தம்பி. சோறு எடுக்க வாற பொடியள் ரெண்டு பேர் வேலைக்கும் போகாம நிண்டு இறங்கி வழிச்சுத் தந்தவங்கள். எத்தினை வருசத்துச் சேறு! கறுப்புக் களி மாதிரி வந்தது. நேற்று ஊறினதெல்லாம் புதுத் தண்ணி. அடியைப் பாருங்கோவன், துப்புரவு காணுமோ?"

வாழைப் பாத்திக்குள்ளிருந்து மணம் வந்தது. சேற்றை அங்கேதான் கொட்டியிருந்தார்கள்.

நஸார் நானா என் பக்கம் திரும்பினார். "என்னத்த எழுதினீங்க பண்டிதரே?" என்று மெதுவாகக் கேட்டார். நான் கயிற்றுச் சுருளை அவிழ்க்கத் தொடங்கினேன்.

பந்துல மாத்தயா அந்தப் பக்கம் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார். அக்கா வேகமாகக் கதைத்தது அவருக்குப் பிடிபடவில்லை. தலையை நிமிர்த்தி, "அம்மா என்ன சொல்லுது?" என்று என்னிடம் கேட்டார்.

சினேகிதரே, என் சீவியத்தில் கோணேசப் பெருமான் எனக்குத் திறந்துவிட்ட கதவு அது. கிணற்றை இறைத்துவிட்டார்கள், இன்றைக்கு எடுக்க வேண்டாம், நான் எழுதினது பிழை, கொஞ்ச நாள் கழித்து வருவோம் என்று ஒரே மூச்சில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த மாதம்தான் என்னை நிரந்தரமாக்கச் சொல்லி அவர் மேலிடத்துக்கு எழுதியிருந்தார். தமிழ் எழுத நல்ல ஆள் என்று அதில் போட்டிருந்தார். வீட்டில் இரண்டு பிள்ளைகள். நான் சொன்னேன்:

"கிணத்தடியைக் கூட்டி வைச்சிருக்கிறா எண்டு சொல்லுறா ஐயா."

கிணத்தடி. எழுதும்போது வேண்டாம் என்று தள்ளின சொல், பொய் சொல்லும்போது எவ்வளவு சரியாக வந்து நின்றது பாருங்கள்.

"ஆ, நல்லது, நல்லது," என்றார் பந்துல மாத்தயா.

நான் கயிற்றை இறக்கித் தண்ணீர் எடுத்தேன். போத்தலை நிரப்பி, கவிழ்த்து, விரலால் தட்டினேன். ஒரு குமிழி இல்லை. பூரணம் அக்கா பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். லேபலில் அவருடைய பெயரை எழுதினேன். அந்தக் கையெழுத்து மட்டும் கோணலாக விழுந்தது.

மிச்ச மூன்று கிணற்றையும் முடித்துக்கொண்டு திரும்பினோம். பந்துல மாத்தயா கந்தோரில் இறங்கியபிறகு நஸார் நானா வாகனத்தை நிறுத்தாமல் சொன்னார்: "போய்ச் சொல்லிடுங்க. அல்லாஹ் ஒங்கட இலக்கணத்தப் பத்திக் கேக்கமாட்டான். அந்த மனிசிட தண்ணியப் பத்திக் கேப்பான்." நாளைக்குச் சொல்லுகிறேன் என்றேன். அவர் அதைப்பற்றிப் பிறகு ஒருபோதும் கேட்கவில்லை. ஆனால் அன்றையிலிருந்து என்னைப் பண்டிதர் என்று கூப்பிடவும் இல்லை. என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். ஒரு பட்டப்பேர் போனதற்கு மனிதன் இவ்வளவு துக்கப்படுவானா என்று எனக்கே விளங்கவில்லை.

முடிவுகள் வந்தன. ஆறு கிணற்றிலும் எண்ணெய். நாலாவது வீட்டுக் கிணறு நல்ல தண்ணீர். பந்துல மாத்தயா தாளைப் பார்த்து நெற்றியைச் சொறிந்தார். "ஏழு கிணறு, ஆறு மோசம், நடுவுல ஒண்ணு நல்லம். எப்பிடி தம்பி? அண்டைக்கு ஏதும் நடந்ததா?"

"இல்லை ஐயா," என்றேன். இரண்டாவது கதவையும் நானே சாத்தினேன்.

எனக்கு நிரந்தரக் கடிதம் வந்த கிழமையிலேயே அவருக்குத் தெற்குப் பக்கம் இடமாற்றம் வந்தது. போகும்போது என் கையைப் பிடித்து, இவ்வளவு கவனமாகச் சாம்பிள் எடுக்கிற ஆளைத் தான் காணவில்லை என்றார். நல்ல மனிதர். அவரை ஏமாற்றினதும் ஒரு பாவம். எல்லாவற்றையும் வரிசைக்குச் சொல்லத்தானே வேண்டும்.

ஆறு வீட்டுக்குப் பைப் வந்தது. நாலாவது வீட்டு வாசலைக் கடந்து, குழாய் புதைக்க வெட்டிய கிடங்கு போனது. அந்தக் கிடங்கைத் தாண்ட ஒரு பலகை போட்டுக்கொண்டு பூரணம் அக்கா சோற்றுப் பார்சல் விற்றார். ஒரு மாதத்துக்குள் மணம் திரும்ப வந்துவிட்டது.

அவர் பாலையூற்றில் இருந்த எங்கள் வீட்டைத் தேடி பஸ்ஸில் வந்தார். இராசம் அன்று தாய்வீட்டில். அக்காவின் பையில் நெல்லி கிறஷ் போத்தல். தண்ணீர் வாய் தளும்ப நிரப்பி மூடியிருந்தார்.

"தம்பி, இதைக் கொண்டுபோய் ஐயாட்டைக் குடுங்கோ. திரும்ப மணக்குது. முந்தியைவிடக் கூட." போத்தலைக் கவிழ்த்து, விரலால் தட்டிக் காட்டினார். "பாருங்கோ, காத்து இல்லை. நீங்கள் செய்தமாதிரியே செய்தனான்."

ஒரு குமிழியும் இல்லைத்தான்.

"எனக்கு ஒரு யோசினை தம்பி. நான் அடியை வடிவா வழிக்காம விட்டிட்டன் போல. ஒரு மூலையில கல்லு ஒண்டு இடறினது, பொடியள் காணும் எண்டு ஏறிட்டாங்கள். அதுக்குள்ள இருந்துதானாக்கும் வருது. என்ர பிழைதான். கந்தோரில நீங்கள் வடிவா எழுதித்தானே தந்தனீங்கள்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஓம் அக்கா, குடுக்கிறன்," என்றேன். அந்த ஐயா மாறிப் போய்விட்டார் என்றுகூடச் சொல்லவில்லை. தேத்தண்ணி வைத்துக் கொடுத்தேன். அவர் போனபின் போத்தலைக் கொண்டுபோய் முருகன் படத்துக்குப் பின்னால் வைத்தேன். நாளைக்குக் கொடுப்போம் என்றுதான் வைத்தேன். சாமிக்குப் பக்கத்தில் வைத்தால் மறக்கமாட்டேன் என்று நினைத்தேன். மறக்கவில்லை. ஒரு நாளும் மறக்கவில்லை. ஒவ்வொரு நாளும் கும்பிடும்போது அது அங்கேதான் நின்றது. கொடுத்தால், ஏன் இவ்வளவு நாள் வைத்திருந்தாய் என்று கேட்பார்கள் என்ற பயமும் நாளுக்கு நாள் கூடியது.

பூரணம் அக்கா பிறகும் இரண்டு தரம் கந்தோருக்கு வந்து கேட்டதாக அறிந்தேன். நல்ல தண்ணீர் என்று றிப்போட் இருக்கிறதே அம்மா என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். அந்த இரண்டு நாளும் நான் வெளிவேலை. கொஞ்சம் கொஞ்சமாகப் பார்சல் எடுக்க ஆளில்லாமல் போனது. கடைசியில் வீட்டை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு இறக்கக்கண்டியில் தங்கச்சி வீட்டோடு போய்விட்டார்.

ஒரு முறை போனேன். சொல்லிவிடுவது என்று நேர்ந்துகொண்டு, கோயிலில் தேங்காய் அடித்துவிட்டுத்தான் போனேன். கடற்கரைப் பக்கம் சின்ன வீடு. தங்கச்சி கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அக்கா மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"எடியே, ஆர் வந்திருக்கிறது எண்டு பார்! நான் சொல்லுறனான் எல்லே, கந்தோர்த் தம்பி!"

"சமைக்கிறேல்லையே அக்கா இப்ப?"

"ஆருக்குச் சமைக்கிற? இவளுக்கு என்ர உப்பு ஒத்துவராது," என்று சிரித்தார். தங்கச்சி, "உப்பே போடாட்டி எப்பிடி ஒத்துவரும்?" என்றாள்.

அக்கா எழுந்து போய் அலுமாரியைத் திறந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்துவந்தார். பிறப்புச் சாட்சிப் பத்திரம், புருசனின் மரணச் சாட்சிப் பத்திரம், அவற்றுக்கு நடுவில் மடிப்புக் கலையாமல் என் கடிதம்.

"இது பார் எண்டு இவளுக்கும் காட்டினனான். என்ர சீவியத்தில என்ர பேருக்குக் கந்தோரில இருந்து வந்த ஒரே கடிதம். என்ன வடிவான எழுத்து தம்பி உங்கட."

வாங்கிப் பார்த்தேன். கிணற்றின் அடியை. அந்த இரண்டு சொல்லின்மேலும் மஞ்சள் கறை. சமைத்த விரலால் எழுத்தெழுத்தாகத் தொட்டு வாசித்திருக்கிறார்.

"அக்கா, நான் ஒரு கதை சொல்ல வந்தனான்..." என்று தொடங்கினேன்.

"சொல்லலாம், சொல்லலாம். முதல்ல வெய்யிலுக்கு இதைக் குடியுங்கோ." செம்பு நிறையத் தண்ணீர் தந்தார். "பயப்பிடாமக் குடியுங்கோ. இஞ்சத்தைத் தண்ணி நல்ல தண்ணி. ஒரு மணமும் இல்லை."

குடித்தேன். இனிப்பான தண்ணீர். அந்தச் செம்பு முடியும்போது எனக்குள்ளிருந்த பேச்சும் முடிந்துவிட்டது. பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழும்பி வந்துவிட்டேன். அடுத்த மாரிக்கு முன்னால் பூரணம் அக்கா போய்ச் சேர்ந்தார். செத்தவீட்டுக்குப் போனேன். அந்தப் பொலித்தீன் பை எங்கே என்று கேட்காமலேயே வந்துவிட்டேன்.

இவ்வளவையும் வெள்ளிக்கிழமை இராசத்துக்குச் சொல்லி முடித்தேன். அவள் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். அழுவாள், ஏசுவாள் என்று பார்த்தேன். "இவ்வளவு காலமும் இதுக்கே நான் பூ வைச்சனான்?" என்றாள். பிறகு தானே பதிலும் சொன்னாள். "வைச்சது வைச்சதுதான். அந்த மனிசிக்கு ஆரோ வைக்கத்தானே வேணும்." மூடியை இறுக்கி, போத்தலைத் துடைத்து, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள்.

சனிக்கிழமை நான் ஒழுங்கைக்குப் போனேன். குழாயடி ஒழுங்கை என்று இப்போது ஒருவருக்கும் தெரியாது. தார் போட்டு நம்பர் பலகை நட்டிருக்கிறார்கள். தலை நீட்டிய குழாயை வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நாலாவது வீடு இருந்த இடத்தில் கடல் பார்க்க வருகிறவர்கள் தங்குகிற மாடிக் கட்டடம். கிணற்றை மூடிச் சீமெந்து போட்டு, அதன்மேல் வாகனம் நிறுத்துகிறார்கள். காவலுக்கு நின்றவர், இங்கே கிணறு இருந்ததா என்று என்னையே கேட்டார். நஸார் நானா இறந்து, அவர் பாசையில் மௌத்தாகி, மூன்று நோன்பு கடந்துவிட்டது. பந்துல மாத்தயா எந்த ஊரில் இருக்கிறார் என்று தெரியாது. வாட்டின வாழையிலையில் சோறு கட்டுகிறவர்கள் இல்லை. இப்போது எல்லாம் பெட்டி.

வீட்டுக்கு வந்து போத்தலை எடுத்துக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன். இராசம் திறந்து மூடியதில் ஒரு குமிழி உள்ளே போய்விட்டது. இந்தப் பக்கம் சரித்தால் இந்தப் பக்கம் ஓடுகிறது, அந்தப் பக்கம் சரித்தால் அந்தப் பக்கம். இனி அது சாம்பிளும் இல்லை. எந்தக் கந்தோரும் அதை வாங்காது. பூரணம் அக்காவின் கிணற்றில் இந்த உலகத்தில் மிச்சமாக இருப்பது அது ஒன்றுதான்.

இதை வாசிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுதல். தண்ணீர் பார்க்கிற வேலைக்குப் போகிறவர்கள், சனத்துக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் உங்கள் வீடுகளிலும் இருப்பார்கள். அவர்களுக்கு இதைக் கொடுங்கள், சொல்லுங்கள். கொடுக்கும்போது என்மேல் இரக்கப்பட்டு ஒன்றையும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். முக்கியமாக, தமிழ் நன்றாகத் தெரிந்தவர்கள் ஆராவது, பாவம் படியாத மனிதன் எழுதியது என்று நினைத்து, கிணற்றின் அடி என்று நான் பிரித்து எழுதியதைக் கிணற்றடி என்று சேர்த்துத் திருத்திவிடாதீர்கள். அது பிழைதான். அந்தப் பிழையை ஒரு மனிசி நம்பினார். அப்படியே இருக்கட்டும்.